பஜனைப் புத்தகத்துக்கு எந்த பைண்டிங்?

கேள்வி: வாரப் பஜனையிலும் தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலிலும் பாடுவதற்காக 120 பக்கத் தேவாரம், திருப்புகழ்த் தொகுப்பை ஏ5 அளவில் 60 பிரதிகள் அச்சிட இருக்கிறோம். சென்ற முறை பசை பைண்டிங் போட்டோம். சில மாதங்களில் தாள்கள் கழன்றுவிட்டன. இம்முறை என்ன செய்யலாம்? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கையில் ஜால்ரா இருக்கும்போது புத்தகம் மடியில் தானாக விரிந்து கிடக்க வேண்டும். பசை பைண்டிங் அப்படி விரியாது. நாம் அழுத்தி விரிப்போம். முதுகில் பசை மட்டுமே பிடித்திருக்கும் தாள் ஒவ்வொன்றாக விடும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் சூட்டில் உருக்கி ஒட்டும் சாதாரண ஹாட்மெல்ட் பசை இளகவும் செய்யும்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் தாளின் இழை, அதாவது தாளிலுள்ள நார்கள் ஓடும் திசை. கடைகளில் கிடைக்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை இரண்டாக வெட்டி ஏ5 ஆக்கினால் இழை முதுகுக்குக் குறுக்கே விழுந்துவிடும். பக்கம் விறைப்பாகப் புரளும். பினாங்கின் ஈரக்காற்றில் தாள் இழைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். முதுகில் பசை அதை விரிய விடாது. அதனால் பக்கங்கள் நெளிந்து, ஒட்டிய இடம் இழுபடும். எந்த பைண்டிங் ஆனாலும் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்று அச்சகத்தில் கேளுங்கள். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது அந்த வளைவின் கோடுதான் இழையின் திசை.

என் தேர்வு நூல் தையல். 16 பக்க ஃபாரம் (மடித்துச் சேர்த்த தாள்களின் கட்டு) ஏழும் 8 பக்க அரை ஃபாரம் ஒன்றும் சேர்ந்தால் சரியாக 120. நூல் மடிப்பின் நடுவே ஓடுவதால், பசை விட்டாலும் தாள் போகாது. செலவும் நாளும் கூடுதலாகும். தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

பணம் இடிக்கிறதென்றால், ஓரத்தில் துளையிட்டுக் கம்பி வளையங்களைக் கோக்கும் இரட்டைக் கம்பி பைண்டிங் போதும். முழுவதும் பின்னால் மடித்து ஒரு கையில் பிடித்தபடி நடந்துகொண்டே பாடலாம். துளைகள் எழுத்தைத் தின்னாமலிருக்க உள் ஓரத்தில் 15 மில்லிமீட்டர் விடுங்கள். புதுப் பாடல்கள் சேர்ந்துகொண்டே இருக்குமானால், பிரித்துப் பூட்டக்கூடிய பிளாஸ்டிக் சீப்பு பைண்டிங் உதவும்; அதன் பற்கள் சீக்கிரம் ஒடியும். நடுவில் பின் அடிப்பது 120 பக்கத்துக்கு ஆகாது.

பசைதான் என்று குழு முடிவெடுத்தால் பியூஆர் (பாலியூரித்தேன்) பசை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது இறுகிய பிறகும் வளைந்துகொடுக்கும். முழுப் பலம் பெற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவரை புத்தகத்தை விரிக்க வேண்டாம்.