தனியா ஜிபிஎஸ் வாங்கணுமா?

கேள்வி: நியூஜெர்சியில இருந்து சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடி போறோம், கார்லயே. போன்ல மேப் இருக்கே, தனியா ஜிபிஎஸ் வேணுமா?

பதில்: வாங்கிடுங்க. ஐ-80 நெடுஞ்சாலைல போனா கிட்டத்தட்ட 2,900 மைல், நடுவுல வயோமிங், நெவாடா பக்கமெல்லாம் சிக்னல் அடிக்கடி போயிடும், கார்மின் கம்பெனியோடது மாதிரி தனி ஜிபிஎஸ் பெட்டின்னா மேப் அதுக்குள்ளயே இருக்கும், குழந்தைங்களோட போறப்ப அந்த நிம்மதி ரொம்ப முக்கியம். கிளம்புறதுக்கு முன்னாடி நாளே வீட்டு வைஃபைல அப்டேட் போட்டுடுங்க, நேரம் எடுக்கும். செலவு வேணாம்னா கூகுள் மேப்ஸ்ல வழி முழுக்க டவுன்லோட் பண்ணிக்கோங்க, ஆனா ஆஃப்லைன்ல டிராஃபிக் தெரியாது, மாத்து வழியும் காட்டாது.

இன்னொன்னு, ஜிபிஎஸ்ஸை முன்கண்ணாடில ஒட்டி வைக்கிற ரப்பர் மவுன்ட் குளிர்ல பிடி விட்டுடும். எனக்கு நெப்ராஸ்கால விடியக்காலைல, ஓட்டிட்டு இருக்கும்போதே கியர் மேல வந்து விழுந்துச்சு, பதறிட்டேன். ரப்பரை வெந்நீர்த் துணியால துடைச்சு, கண்ணாடிய நல்லா காயவச்சு ஒட்டுங்க. கலிஃபோர்னியால நடுக்கண்ணாடில ஒட்டக்கூடாது, டிரைவர் பக்கம் கீழ் மூலைல 5 இன்ச் சதுரத்துக்குள்ள, இல்லன்னா பக்கத்து சீட் பக்கம் கீழ் மூலைல 7 இன்ச் சதுரத்துக்குள்ள இருக்கணும்.

சாமான் ஏத்துன வாடகை டிரக்கையும் நீங்களே ஓட்டுறதா இருந்தா சாதா கார் ஜிபிஎஸ்ஸை நம்பிப் போயிடாதீங்க, பாலத்தோட உயரம் அதுக்குத் தெரியாது.