ஹோம்டெல்லில் மிஞ்சிய 3.5 கெல்வின்

கேள்வி: வானிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ இரைச்சலைக் கருவியின் சொந்த இரைச்சலிலிருந்து எப்படிப் பிரித்து அளக்கிறார்கள்?

பதில்: வெப்பநிலை நன்கு தெரிந்த ஒரு மூலத்தோடு ஒப்பிட்டே அளக்கிறார்கள். அமெரிக்காவின் ஹோம்டெல்லில் 1964-இல் ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும், திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய ஒப்பீட்டு மூலத்துக்கும் கொம்பு ஆண்டெனாவுக்கும் ரிசீவரை மாற்றி மாற்றி இணைத்து, 4080 மெகாஹெர்ட்ஸில் உச்சி வானை நோக்கியபோது வந்த இரைச்சலை (அதே அளவு இரைச்சல் தரும் பொருளின் வெப்பநிலையாகச் சொன்னால்) 6.7 கெல்வின் என அளந்தனர். அதில் வளிமண்டலத்தின் பங்கு 2.3 கெல்வின், ஆண்டெனாவைச் சாய்க்கச் சாய்க்க, ஊடுருவ வேண்டிய காற்று கூடி இரைச்சலும் கூடுவதைக் கொண்டு அதைக் கணித்தார்கள். ஆண்டெனாவின் மின் இழப்பாலும் தரையிலிருந்தும் வரும் ஏறத்தாழ 0.9 கெல்வின் போக, மிஞ்சிய 3.5 கெல்வின்தான் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு, அதாவது பெருவெடிப்பின் எச்சமாக வானெங்கும் பரவியுள்ள கதிர்வீச்சு. ஆண்டெனாவுக்குள் கிடந்த புறாக்களின் எச்சத்தைத் துடைத்தும் அது பெரிதாகக் குறையவில்லை என்பது பலரும் சொல்லும் செய்தி. பிழை எல்லையை 1 கெல்வின் என்று அவர்கள் நேர்மையாகக் குறித்ததையே நான் பெரிதும் மதிக்கிறேன்.