பயிற்சிக் கடிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?

கேள்வி: என் மகள் பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆறு வார இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்கிறது கல்லூரி. ஒரகடத்தில் பெரிய கம்பெனி குடோனில் இடம் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி 12,000 ரூபாய் கேட்கிறது. “அப்ரண்டிஸாகவே போட்டுவிடலாம், சம்பளமும் வரும்” என்கிறார்கள். கட்டலாமா? அங்கே போய் அவள் என்ன கற்றுக்கொள்வாள்?
– ஒரு தந்தை, ஆரணி

பதில்: கட்டாதீர்கள். ஒழுங்காகப் பயிற்சி தரும் கம்பெனி மாணவரிடம் பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், ஐ.டி. கார்டு பணம் என்று எதுவும் கேட்காது. அரசின் அப்ரண்டிஸ் இணையதளங்களிலும் பதிவு இலவசம்தான். “உள்ளே நம்ம ஆள் இருக்கிறார்” என்று கன்சல்டன்சிக்காரர் சொன்னால், அந்த ஆளின் கம்பெனி மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி வரட்டும் என்று கேளுங்கள். ஜிமெயிலில் வந்தால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடோன்கள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்தால் இந்த வலை புரியும். வாசலில் பெரிய கம்பெனியின் போர்டு இருக்கும். உள்ளே சரக்கைக் கையாள்வது பல இடங்களில் வேறொரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம். அதற்கும் கீழே, பொருளை எடுத்துப் பெட்டி கட்ட ஆள் அனுப்புவது மேன்பவர் கான்ட்ராக்டர். மூன்று அடுக்கு. கன்சல்டன்சி உங்களிடம் சொல்வது முதல் அடுக்கின் பெயர். உங்கள் மகளைச் சேர்ப்பது மூன்றாவது அடுக்கில். தீபாவளி விற்பனைக்கு முன் ஆள் பற்றாக்குறை வரும், அப்போது இந்த ‘இன்டர்ன்ஷிப்’ திடீரென்று நிறையக் கிடைக்கும். ஆறு வாரமும் கையில் ஸ்கேனரோடு ரேக்குக்கும் பேக்கிங் மேசைக்கும் நடப்பதுதான் வேலை. அது கேவலமான வேலை இல்லை. ஆனால் அதற்குக் கூலி உண்டு. அதை நாம் பணம் கட்டிச் செய்வானேன்?

ஆகவே கடிதத்தைப் பாருங்கள். யாருடைய லெட்டர்ஹெட்? எந்தப் பிரிவு: இன்வர்டா (சரக்கு வரவு), இன்வென்டரியா (இருப்புக் கணக்கு), டிஸ்பாட்சா (சரக்கு அனுப்புவது), டிரான்ஸ்போர்ட்டா? யாருக்குக் கீழே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஷிஃப்ட்? “ஆபரேஷன்ஸ் சப்போர்ட்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த வேலையாகவும் இருக்கலாம். இரண்டாவது அடுக்கான லாஜிஸ்டிக்ஸ் நிறுவனமே நேரடியாகக் கடிதம் தந்தால், பெயர் பெரிதாக இல்லையே என்று தயங்காதீர்கள். தொழில் நடப்பதே அவர்களிடம்தான். ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்து அந்த ‘அப்ரண்டிஸ்’ ஆசை. ஆறு வார அப்ரண்டிஸ் என்று ஒன்று கிடையாது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி அது குறைந்தது ஆறு மாதம் ஓடும், ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகும். 2019 விதித் திருத்தம் பட்டதாரி அப்ரண்டிசுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கை நிரப்ப ஒரு பெயர் கிடைத்தால் வேண்டாம் என்பார்களா?

இதில் பெயர் பதிவாகிவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பட்டம் வாங்கிய பிறகு நாட்ஸ் என்கிற தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் ஓராண்டுப் பயிற்சிக்குப் போகலாம். தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஏற்கெனவே அந்தச் சட்டத்தின் கீழ் அப்ரண்டிஸ் பயிற்சி பெற்றவருக்கு அங்கே இடமில்லை. இன்று அவசரப்பட்டு எங்கோ பெயரைக் கொடுத்தால், நாளை நல்ல நிறுவனத்தில் கிடைக்கும் ஓராண்டு போய்விடும். ஒரே ஒரு விலக்கு. சில கல்லூரிகளில் பட்டப்படிப்போடு அப்ரண்டிஸ் பயிற்சியும் பாடத்திட்டத்திலேயே பிணைந்திருக்கும். முழு செமஸ்டர்களே கம்பெனியில்தான் கழியும். உங்கள் மகளின் படிப்பு அந்த வகை என்றால் அப்ரண்டிஸ் பதிவு தப்பில்லை, உதவித்தொகையும் அவளுக்கு உரிமை. அந்த வகையா என்று சேர்க்கைக் கடிதத்திலேயே தெரிந்துவிடும். அதில் இல்லையென்றால் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். உண்மையில் இதை முதல் ஆண்டிலேயே கல்லூரி சொல்லியிருக்க வேண்டும். சீல் வைத்த காகிதம் ஃபைலில் ஏறினால் போதும், யார் சீல் என்று பார்க்க அங்கே ஆளில்லை. இந்த 12,000 ரூபாய் வியாபாரம் அதனால்தான் நடக்கிறது.

என்ன கற்றுக்கொள்வாள்? எல்லாப் பிரிவையும் சுற்றிப் பார்ப்பதை விட ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. சரக்கு இறக்கும் பகுதியைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு லாரிக்கும் ஆறு நேரம் குறிக்க வேண்டும். உதாரணமாக, கேட்டுக்குள் வந்தது 9.10, டாக்கில் (சரக்கு இறக்கும் மேடையில்) நின்றது 11.40, இறக்கத் தொடங்கியது 11.55, முடிந்தது 12.50, ஜி.ஆர்.என். போட்டது 2.30, வெளியே போனது 3.05. மொத்தம் 5 மணி 55 நிமிடம். அதில் இறக்கியது வெறும் 55 நிமிடம். மற்ற ஐந்து மணி நேரம் எங்கே போனது என்பதுதான் பிராஜக்ட்.

ஜி.ஆர்.என். என்பது சரக்கு வந்துசேர்ந்ததற்கான பதிவு. அது தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டரில் 480 பீஸ், இன்வாய்ஸில் 40 பெட்டி. பெட்டிக்கு 12 பீஸ் என்பது கம்ப்யூட்டரில் 10 என்று பதிந்து கிடந்தால், 80 பீஸ் குறைகிறது என்று காட்டிப் பதிவு நின்றுவிடும். சரக்கு கண்ணெதிரே முழுசாக இருக்கும். டிரைவர் வெளியே காத்துக்கிடப்பார். இப்படி நாற்பது லாரிக்குக் காரணத்தோடு எழுதி வைத்தால், எந்த நேர்காணலிலும் பத்து நிமிடம் தடுமாறாமல் பேசலாம்.

டிஸ்பாட்சில் போட்டால் இ-வே பில்லை, அதாவது சரக்கு வண்டியில் போவதற்கான ஜி.எஸ்.டி. ஆவணத்தைக் கவனிக்கட்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அது வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம். அது செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. 500 கிலோமீட்டர் போகிற லாரிக்கு மூன்று நாள். வழியில் வண்டி மாறினால் அந்த பில்லின் ‘பி’ பகுதியில் புது வண்டி எண்ணை ஏற்ற வேண்டும். அதை மறந்துதான் சோதனையில் மாட்டுகிறார்கள்.

சேஃப்டி ஷூ கம்பெனி தருகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஃபோர்க்லிஃப்ட் தூக்கிய பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகையில்) ஏறி மேல் ரேக்கை எண்ணச் சொன்னால், சொன்னவர் மேனேஜராகவே இருந்தாலும் மறுத்துவிட வேண்டும். நோட்டில் வாரம் ஒரு முறை சூப்பர்வைசரின் கையெழுத்து வாங்கட்டும். அவரை எப்போது வேறு குடோனுக்கு மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. சான்றிதழை ஐந்தாவது வாரமே எச்.ஆரிடம் கேட்டுவிட வேண்டும். கடைசி நாள் மாதக் கடைசியில் வந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் ஸ்டாக் கணக்கில் மூழ்கியிருப்பார்.