கண்ணு பார்த்த இடத்துல மட்டும்தான் கலரா?

கேள்வி: கலர் எப்படித் தெரியுதுன்னு ஆராய்ச்சி பண்ண, ஐ ட்ராக்கர்னு ஒரு கேமராவால கண்ணு அசையறதை அளக்கிறாங்களாமே. கண்ணு எங்க போகுதுன்னு தெரிஞ்சா, என்ன கலர் தெரியுதுன்னு எப்படி சார் தெரியும்?
- வாசகி, தேனி

பதில்: நீங்க பார்க்கிறது சிவப்பா பச்சையான்னு அந்தக் கேமராவுக்குத் தெரியாதுங்க. இன்ஃப்ராரெட் வெளிச்சம் கண்ணுல பட்டு பளிச்சுன்னு ஒரு புள்ளி தெரியும், அதையும் கண்ணுப் பாப்பாவையும் வெச்சு பார்வை எங்க நிக்குதுன்னு கணக்கு போடும், நல்ல மெஷின்னா நொடிக்கு 1000 தடவை. அவ்வளவுதான். ஆனா அதை வெச்சே பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்காங்க.

முதல்ல வீட்ல ஒண்ணு செஞ்சு பாருங்க. சுவத்துல ஒரு புள்ளியையே பார்த்துட்டு உட்காருங்க, யாரையாவது ஒரு ஸ்கெட்ச் பேனாவை என்ன கலர்னு சொல்லாம உங்க காதுப் பக்கத்துல இருந்து மெதுவா முன்னாடி கொண்டு வரச் சொல்லுங்க. ஏதோ ஆடுதுன்னு உடனே தெரியும், கலர் தெரியாது. என் பொண்ணு கொண்டு வந்த பச்சைப் பேனாவை நான் கறுப்புன்னே சொல்லிட்டிருந்தேன், இன்னும் நல்லா முன்னாடி வந்தப்புறம்தான் பச்சைன்னு தெரிஞ்சுது. கலர் பார்க்கிற கோன் செல்லுங்க விழித்திரை நடுவுலதான் நெருக்கமா இருக்கு, கையை நீட்டினா கட்டைவிரல் நகம் தெரியுற அளவு இடம்தான் அது, ஓரத்துக்குப் போகப் போக குறைஞ்சுடும். ஆனா நமக்கு ரூம் முழுக்க கலராத்தானே தெரியுது?

2020ல அமெரிக்காவுல மைக்கேல் கோஹன், தாமஸ் பாட்ச், காரலின் ராபர்ட்சன் மூணு பேரும் இதைத்தான் சோதிச்சாங்க. ஐ ட்ராக்கர் வெச்ச விஆர் ஹெட்செட்டை (கண்ணு முன்னாடி மாட்டிக்கிட்டா சுத்திலும் காட்சி தெரியுற கருவி) ஆளுங்களுக்கு மாட்டிவிட்டு சுத்திப் பார்க்கச் சொன்னாங்க, கண்ணு நிக்கிற இடத்தைச் சுத்தி மட்டும் கலரை விட்டுட்டு மீதியை மெதுவா பிளாக் அண்ட் வொயிட் ஆக்கிட்டாங்க. காட்சியில 5 சதவீதத்துக்கும் கம்மியாத்தான் கலர் இருந்துச்சு, அப்பவும் கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் கண்டுபிடிக்கல! ஐ ட்ராக்கர் இல்லாம இது நடக்கவே நடக்காது, ஏன்னா கண்ணு நொடிக்கு மூணு தடவையாவது தாவுது, தாவுற இடத்துக்கெல்லாம் அந்தக் கலர் வட்டமும் கூடவே ஓடணும்.

கேள்வி: என் பேத்திக்கு அஞ்சு மாசம். பச்சையும் நீலமும் அவளுக்குப் பிரிச்சுத் தெரியுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தெரியும்ங்க ஐயா, வாயால சொல்லாட்டியும் கண்ணால சொல்லிடும். இங்கிலாந்துல அன்னா ஃப்ராங்க்ளின் குழு 2008ல வெளியிட்ட ஆராய்ச்சியில 4 முதல் 6 மாசக் குழந்தைகளுக்கு ஒரு கலர் பின்னணி மேல இன்னொரு கலர் புள்ளியைக் காட்டினாங்க. நீலத்து மேலயே வேற நீலமா இருந்தா கண்ணு போக நேரமாச்சு, நீலத்து மேல பச்சைன்னா சட்டுன்னு போச்சு, ரெண்டுலயும் கலர் வித்தியாசத்தோட அளவு ஒண்ணுதான். இதுல என்னை அசர வெச்சது என்னன்னா, குழந்தைகளுக்கு இந்த வேகம் புள்ளி இடது பக்கம் வந்தப்போ மட்டும்தான், இடது பக்கம் தெரியுறது முதல்ல மூளையோட வலது பாதிக்குத்தான் போகும், வலது பக்கம் தெரியுறது இடது பாதிக்கு, ஆனா பெரியவங்களுக்கு வலது பக்கம் வந்தப்போ, அதாவது பேச்சு பெரும்பாலும் நடக்கிற இடது பாதி. உங்க பேத்தி இன்னும் பச்சைங்கிற சொல்லைக் கத்துக்கல, பச்சையைக் கத்துக்கிட்டா.