ஐஜிஇ 640 என்றால் ஆஸ்துமா முற்றிவிட்டதா?

கேள்வி: வயது 38. சிறு வயதிலிருந்தே அலர்ஜி ஆஸ்துமா. தினமும் இன்ஹேலர் எடுக்கிறேன். போன வருடம் ரத்தத்தில் ஐஜிஇ 520 இருந்தது, இப்போது 640. ஐஜிஇயும் ஒரு புரதம்தான் என்கிறார்கள். ஆனால் அதே ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம் நார்மல். இது எப்படி? நோய் முற்றுகிறதா? புரத உணவைக் குறைக்கட்டுமா?

பதில்: சாப்பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். குறைக்க வேண்டாம். சாப்பிடும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடும். ஐஜிஇ என்பது உங்கள் நோய் எதிர்ப்புச் செல்கள் தாங்களே தயாரிக்கும் ஆன்டிபாடி. ஒன்றைக் குறைத்தால் மற்றது குறையாது.

மொத்தப் புரதம் நார்மலாக இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. அது டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருக்கும், பெரும்பங்கு அல்புமின் என்ற புரதம். ஐஜிஇயில் ஒரு யூனிட் என்பது வெறும் 2.4 நானோகிராம். உங்கள் 640ஐ எடைக்கு மாற்றினால் மில்லிலிட்டருக்கு ஒன்றரை மைக்ரோகிராம், அதாவது மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. அது இரட்டிப்பானாலும் மொத்தக் கணக்கில் தெரியாது. அதனால்தான் தனியாக அளக்கிறார்கள்.

இனி முக்கியமான கேள்வி. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அச்சாகும் அந்த எண் உங்களுக்கு அலர்ஜிச் சுபாவம் உண்டு என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஆஸ்துமா எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அது சொல்லாது. பெரியவர்களுக்குச் சுமார் 100 வரை நார்மல் என்பார்கள். 60 இருந்தும் அடிக்கடி மூச்சுத் திணறுபவர்கள் உண்டு, 900 வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. தோல் கரப்பான், குடல் புழு, புகைப்பழக்கம் எல்லாம் ஐஜிஇயை ஏற்றும். மகரந்தக் காலம் முடிந்த கையோடு அளந்தாலும் கூடுதலாகவே காட்டும். இன்ஹேலரில் உறிஞ்சும் ஸ்டீராய்டு ஆஸ்துமாவை அடக்குமே தவிர, இந்த எண்ணைப் பெரிதாகக் குறைக்காது. ஆகவே 520 இப்போது 640 ஆனதை மட்டும் வைத்து நோய் முற்றுகிறது என்று சொல்ல முடியாது.

அதைவிட, கடந்த நான்கு வாரங்களை யோசித்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் பகலில் இளைப்போ, அவசர இன்ஹேலர் தேவையோ வந்ததா? இரவில் மூச்சு முட்டி விழித்தீர்களா? எந்த வேலையையாவது தவிர்த்தீர்களா? நான்குக்கும் இல்லை என்றால் உங்கள் ஆஸ்துமா நல்ல கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் இந்த டெஸ்ட் எதற்கு? இரண்டு இடங்களில் அது உண்மையிலேயே தேவை.

ஒன்று, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரல் காட்டும் கடும் அலர்ஜி. ஆஸ்துமா அடிக்கடி தலைதூக்குவது, பழுப்பு நிறத்தில் கெட்டியான சளிக்கட்டி வெளிவருவது இதன் அடையாளங்கள். 2024இல் திருத்திய சர்வதேச வரையறையில் மொத்த ஐஜிஇக்கான எல்லை 500. நீங்கள் அதைத் தாண்டியிருப்பதால், அந்தப் பூஞ்சைக்கான தனி ஐஜிஇயை ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். 0.35க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. மேலே வந்தாலும் அதுவே நோய் என்று அர்த்தமல்ல, சி.டி. ஸ்கேன் உட்பட மற்றவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நோய் உறுதியானால், அங்கே மொத்த ஐஜிஇ ஏறுவதும் இறங்குவதும் சிகிச்சைக்கே அளவுகோல்.

இன்னொன்று, ஐஜிஇயோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் ஒமாலிசுமாப் ஊசி. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் அடங்காத அலர்ஜி ஆஸ்துமாவுக்கானது. உடல் எடையையும் ஊசிக்கு முந்தைய ஐஜிஇயையும் வைத்து டோஸ் கணக்கிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊசி போட்ட பிறகு டெஸ்ட் எடுத்தால் எண் ஏறித்தான் இருக்கும். மருந்தோடு ஒட்டிய ஐஜிஇ ரத்தத்தை விட்டு மெதுவாக வெளியேறும், டெஸ்ட் அதையும் சேர்த்தே எண்ணும். ஊசியை நிறுத்தி ஒரு வருடம் வரைகூட இது நீடிக்கலாம். ஊசி போட ஆரம்பிக்கும் ஒருவர் பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

அப்புறம், மருத்துவர் ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் கேட்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை அதைச் சட்டென்று குறைத்துவிடும். சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அலர்ஜி மாத்திரையை இந்த ரத்தப் பரிசோதனைகளுக்காக நிறுத்தத் தேவையில்லை. தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டுக்குத்தான் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்ஹேலரை மட்டும் எந்த டெஸ்ட்டுக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.