12 நாளில் கிரேக்கத் தீவுகளில் எத்தனை பார்க்கலாம்? கோடைப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: ஜூலை கடைசியில் சென்னையிலிருந்து கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் என மூன்று பேர் கிளம்புகிறார்கள். மூவரும் சைவம். சாண்டோரினி, மிக்கோனோஸ், மீலோஸ், கிரீட், ரோட்ஸ், கோர்ஃபு ஆகிய ஆறு தீவுகளையும் 12 நாளில் பார்க்க வேண்டும்.

ஏதென்ஸில் வேலை பார்த்த காலத்தில் கோடை விடுமுறை என்றாலே எனக்குக் கப்பல்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஆறு வேண்டாம், மூன்று போதும். அந்த மூன்றும் ஒரே கப்பல் தடத்தில் இருக்கட்டும்.

வரைபடத்தில் பார்த்தால் தீவுகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். ஆனால் கப்பல்கள் அப்படி ஓடுவதில்லை. பேருந்துத் தடம் மாதிரிதான்: ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கிளம்பி, ஒரு வரிசையில் இருக்கும் தீவுகளைத் தொட்டுக்கொண்டே போய், அதே வழியில் திரும்பும். உங்கள் பட்டியலில் கோர்ஃபு நாட்டின் மேற்கே அயோனியன் கடலில், அல்பேனியாவுக்கு எதிரே இருக்கிறது. ரோட்ஸ் கிழக்குக் கோடியில், துருக்கிக் கரையை ஒட்டி. கோர்ஃபுவிலிருந்து சாண்டோரினிக்குக் கப்பலில் போக நினைத்தால் முதலில் நாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தரைவழியே வரவேண்டும். கிரீட் 8,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ளது, அதற்கே ஒரு வாரம் வேண்டும். மீலோஸ் அழகான தீவு, ஆனால் அது செரிஃபோஸ், சிஃப்னோஸ் போகும் மேற்குத் தடத்தில் வருகிறது. இந்த நான்கையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பது ஏஜியன் கடலின் நடுவே இருக்கும் சிக்லாடீஸ் தீவுக்கூட்டம். மிக்கோனோஸைப் பகல் பயணமாகப் பார்க்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். பாரோஸ், நக்ஸோஸ், சாண்டோரினி மூன்றையும் தொட்டுப் போகும் பெரிய கப்பல் கோடையில் தினமும் காலையில் பிரேயஸிலிருந்து கிளம்புகிறது. பாரோஸுக்கு சுமார் 4 மணி நேரம், நக்ஸோஸுக்கு 5 மணிக்குக் கொஞ்சம் கூட, சாண்டோரினிக்கு 7 முதல் 8 மணி. நான் போட்டால் இப்படிப் போடுவேன்: ஏதென்ஸில் 2 இரவு, பாரோஸில் 2, நக்ஸோஸில் 4, சாண்டோரினியில் 2, திரும்பி ஏதென்ஸில் 1.

கடைசியில் சொன்ன அந்த ஓர் இரவைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். காரணம் காற்று.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். பால்கன் பகுதியில் காற்றழுத்தம் அதிகமாகவும், வெயிலில் காய்ந்த துருக்கி நிலப்பரப்பில் குறைவாகவும் இருப்பதால் உருவாகும் காற்று அது. மழை, மேகம் எதுவும் இருக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். சில சமயம் நாள்கணக்கில் விடாது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால் கப்பல் கிளம்பக் கூடாது என்று கடலோரக் காவல்படை தடை போட்டுவிடும். முதலில் நிற்பது அதிவேகக் கப்பல்கள்தான். பெரிய கப்பல்கள் அதைவிடக் கடுமையான காற்றையும் தாங்கி ஓடும். பாரோஸில் ஒரு முறை அதிவேகக் கப்பலுக்கு டிக்கெட் வைத்திருந்தவர்கள் எல்லாம் மூட்டையும் முடிச்சுமாகக் கரையில் நிற்க, சாயங்காலம் பெரிய கப்பல் ஆடி அசைந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கப்பல் ரத்தானால் பணத்தைத் திரும்ப வாங்கலாம் அல்லது வேறு கப்பலில் இடம் கேட்கலாம். ஆனால் நீங்கள் தவறவிட்ட விமானத்துக்கு எந்தக் கப்பல் நிறுவனமும் பொறுப்பேற்காது.

அதனால் நேரம் மிச்சம் என்று அதிவேகக் கப்பலைத் தேடாதீர்கள். டிக்கெட் விலை கூட, வெளியே நின்று பார்க்கவும் இடம் குறைவு, அலையில் வயிற்றைப் புரட்டும். பெரிய கப்பலில் திறந்த மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்து தீவுகள் ஒவ்வொன்றாக நெருங்கி வருவதைப் பார்க்கலாம். அந்தப் பயணமே விடுமுறையின் பாதி என்பேன். ஏறியதும் கீழ்த்தளத்தில் தீவின் பெயர் எழுதிய அடுக்குகளில் பெட்டியை வைத்துவிட்டு மேலே போகவேண்டும். உங்கள் தீவின் பெயரை அறிவித்ததும் உடனே கீழே இறங்கிவிடுங்கள். சின்ன நிறுத்தங்களில் கப்பல் சில நிமிடங்கள்தான் நிற்கும்.

நக்ஸோஸுக்கு ஏன் 4 இரவு என்று கேட்பீர்கள். சிக்லாடீஸில் மிகப் பெரிய தீவு அதுதான். சுற்றுலாவை மட்டுமே நம்பி இல்லை. உருளைக்கிழங்கு விளைகிறது, மாடு மேய்கிறது, பாலாடைக்கட்டி செய்கிறார்கள். துறைமுகத்தில் இறங்கும்போதே கண்ணில் படுவது போர்த்தாரா, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமலே விட்ட கோயிலின் தனிப் பளிங்கு வாசல். மலைமேல் ஆபிராந்தோஸ் என்ற ஊரில் தெருவே பளிங்குக் கல்லால் பாவியது. ஆகியோஸ் ப்ரோகோபியோஸ், பிளாகா கடற்கரைகளுக்கு நகரத்திலிருந்து பேருந்து உண்டு. சாண்டோரினியில் ஒரு சுமாரான அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே நல்ல சமையலறையுள்ள வீடே கிடைக்கும். கிரேக்கக் குடும்பங்களே பிள்ளைகளோடு விடுமுறைக்கு வரும் தீவு என்பதே எனக்குப் போதுமான சான்றிதழ்.

அங்கிருந்து பகல் பயணமாகக் கூஃபோனீஸியா போகலாம். பாறைக் குடைவுகளுக்குள் நீல நீர் தேங்கி நிற்கும் குட்டித் தீவு, சுற்றிவர நடந்தே போய்விடலாம். டீலோஸுக்கும் மிக்கோனோஸுக்கும் சேர்த்துக் கூட்டிப்போகும் படகுகளும் கோடையில் நக்ஸோஸிலிருந்தும் பாரோஸிலிருந்தும் ஓடுகின்றன. மகளுக்கு மிக்கோனோஸ் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அப்படிப் போய் வாருங்கள். உண்மையில் பார்க்க வேண்டியது டீலோஸ். அப்போலோ பிறந்த இடம் என்று பழைய கிரேக்கர்கள் போற்றிய தீவு. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி அப்புறப்படுத்தி, இனி இந்தத் தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று கட்டளை போட்டார்கள். இன்றைக்கும் பயணிகள் அங்கே இரவு தங்க முடியாது. நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

சாண்டோரினிக்கு 2 இரவு போதும் என்று சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தைச் சுற்றிய அந்த வளையம் போல ஓர் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் உல்லாசக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கும் கூட்டத்தில், ஊயா ஊர்ச் சந்துகளில் சாயங்காலம் நகரவே முடியாது. விடியற்காலையில் தீவின் தலைநகரான ஃபீராவில் கிளம்பி ஊயா வரை பள்ளத்தின் விளிம்பிலேயே நடந்துவிடுங்கள், சுமார் 10 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். சூரிய அஸ்தமனத்தை இமெரோவிக்லி என்ற ஊரில் பாருங்கள். அக்ரோதீரியை விடாதீர்கள்: ஏறக்குறைய 3,600 ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம், 1967 முதல் அகழாய்வு நடக்கிறது. மாடி வீடுகள், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. தெருவில் மனித எலும்புகள் இல்லை, மக்கள் முன்கூட்டியே கிளம்பியிருக்கிறார்கள். கூரை போட்ட இடம் என்பதால் மதியத்திலும் போகலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் காய்கறி வேகவைக்கும் சமையல் அங்கே தனி வகையாகவே இருக்கிறது. ஃபாவா என்றால் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, வெங்காயமும் எண்ணெயும் விட்டது. சாண்டோரினி ஃபாவாவுக்குத் தனிப் பெயர். யிகாந்தெஸ் என்ற பெரிய வெள்ளை மொச்சை மாதிரியான பயறு, தக்காளிக்குள் சோறு அடைத்துச் சுட்ட யெமிஸ்தா, சாண்டோரினியின் தக்காளி வடை, கீரை வேகவைத்த ஹோர்தா எல்லாம் கிடைக்கும். யெமிஸ்தாவில் கொத்துக்கறி சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை கிரேக்கத் திருச்சபையில் விரத காலம். அப்போது நிஸ்தீஸிமோ என்று கேட்டால் இறைச்சி, மீன், முட்டை, பால் இல்லாத உணவு தருவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் அந்த விரதத்தில் சாப்பிடலாம். சைவம் என்று தனியாகச் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தத் தீவுகள் பலவற்றில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள், பாட்டில்தான். கார் எடுப்பதானால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வாருங்கள். குவாட் பைக் என்ற நான்கு சக்கர மோட்டார் வண்டியும் வாடகைக்கு விடுவார்கள், மலைச் சாலையில் அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் முன்பதிவு. கிரேக்கம் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க நேர்காணல் தேதி கிடைப்பது கஷ்டமாகிவிடும், அதனால் பிப்ரவரியிலேயே ஆரம்பியுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். தங்குமிடங்களை ரத்து செய்யும் வசதியோடு பிடியுங்கள், கப்பல் டிக்கெட்டை விசா வந்தபின் வாங்கினால் போதும். உங்கள் தேதி ஒருவேளை ஆகஸ்ட் 15 பக்கம் தள்ளிப்போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்று மாதா திருநாள், நாடே தீவுகளுக்குக் கிளம்பும். திரும்பும் கப்பலில்தான் இடம் முதலில் தீரும், அதை முதலில் எடுத்துவிடுங்கள்.