புல்லட்டிலிருந்து சைடு வீல் வண்டிக்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதக் கட்டுரையில், மூன்று சக்கர ஸ்கூட்டரில் தினமும் காவிரிப் பாலம் கடப்பதாக இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரிதான் என்னை எழுத வைத்தது.

எனக்கு 51 வயது. மதுரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. 24 வருடம் புல்லட் ஓட்டினேன். சர்க்கரையால் ஒன்பது மாதத்துக்கு முன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலில் இப்போது ஓரளவு நன்றாகவே நடக்கிறேன். ஆபீசுக்குப் போக வர 22 கிலோமீட்டர். ஆட்டோ கட்டுப்படியாகவில்லை. சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் வாங்கச் சொல்லி மனைவியும் மகளும் வற்புறுத்துகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. புல்லட்டில் வந்து இறங்கிய அதே வாசலில் அந்த வண்டியில் போய் இறங்குவதை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. முன்னால் இரண்டு சக்கரம் வைத்த வெளிநாட்டு வண்டி ஒன்றை யூடியூபில் பார்த்தேன். அதுவானால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. இத்தனை வருட அனுபவம் இருப்பதால் ஓட்டுவதில் சிக்கல் இருக்காது. மனசைத்தான் தேற்ற முடியவில்லை. நீங்கள் எப்படித் தேற்றிக்கொண்டீர்கள்?

செ., மதுரை

*

அன்புள்ள செ.,

‘அனுபவம் இருப்பதால் ஓட்டுவதில் சிக்கல் இருக்காது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தைப் படித்து முடித்தபோது அந்த வரிதான் எனக்குக் கவலை தந்தது. 24 வருடம் பைக் ஓட்டிய கை இந்த வண்டிக்கு உதவாது. முதல் சில நாட்கள் அது உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோகும்.

ஏன் என்று சொல்கிறேன். பைக்கில் ஓரளவு வேகத்தில் போகும்போது இடப்பக்கம் வளைய வேண்டும் என்றால், நம் கை இடது ஹேண்டிலை மெல்ல முன்னால் தள்ளும். அதாவது முன் சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் திரும்பும். வண்டி இடப்பக்கம் சாயும், அந்தச் சாய்வில்தான் வளையும். சைக்கிள் பழகிய எல்லோருடைய கையிலும் இது இருக்கிறது. யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதால் நாம் செய்வதே நமக்குத் தெரியாது. சைடு வீல் வண்டி சாயாது. அதில் இடது ஹேண்டிலை முன்னால் தள்ளினால் வண்டி நேராக வலப்பக்கம் போகும், எதிரே வரும் பஸ்ஸை நோக்கி. வெளிநாடுகளில் சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் முதல் நாள் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நான் முதல் நாள் பழகியது ஒரு பள்ளி மைதானத்தில். வளைவதாக நினைத்துக்கொண்டே மதில் சுவரில் போய் முட்டினேன். எங்கள் தெருவில் இளம்பிள்ளை வாதம் வந்த பெண் ஒருவர் இருக்கிறார். அதற்கு முன் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அவர் இதே மாதிரி வண்டியை ஒரே காலையில் பழகிவிட்டார். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதனால் தயவுசெய்து முதல் நாளே ரோட்டுக்குப் போய்விடாதீர்கள். காலி மைதானம், இருபது கிலோமீட்டர் வேகம், எட்டுப் போட்டுக்கொண்டே இருங்கள். ஹேண்டிலைத் தள்ளும் பழக்கம் போய், கார் ஸ்டியரிங் மாதிரி போக வேண்டிய பக்கம் திருப்பும் பழக்கம் வரவேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளையும்போது உடம்பை வெளிப்பக்கமாகத் தூக்கிப் போடும். வேகம் அதிகமானால் உள்பக்கச் சைடு வீல் தரையை விட்டு எழும்பும். இடுப்புக்கு மேலே உடம்பை உள்பக்கம் சாய்த்து உட்கார்ந்தால் வண்டி அடங்கும்.

வண்டியைப் பற்றி இன்னொன்று. மூன்று சக்கரம் என்று சொல்கிறோமே தவிர, எண்ணினால் நான்கு இருக்கும். ஸ்கூட்டரின் பின் சக்கரம் அப்படியே நடுவில் இருக்க, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றை மாட்டுகிறார்கள். எஞ்சினின் இழுப்பும் பின் பிரேக்கும் அந்த நடுச் சக்கரத்தில்தான். நான் பார்த்த வண்டிகளில் சைடு வீல்களுக்கு பிரேக் கிடையாது, சும்மா உருளும். சைடு வீலை அளவுக்கு மீறி இறக்கி மாட்டிவிட்டால் பாரமெல்லாம் அவற்றின் மேல் போய், நடுச் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. பள்ளத்தில் அது அந்தரத்தில் நின்று சுற்றும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். ஆகவே மாட்டுபவரிடம் நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து இன்னொரு தடவை பாருங்கள். ரிவர்ஸ் வசதியோடு மாட்டித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். சரிவில் முன்பக்கமாக நிறுத்திவிட்டால் காலால் உந்தி வெளியே எடுக்க நம்மால் முடியாது.

யூடியூபில் நீங்கள் பார்த்தது பியாஜியோ எம்பி3 ஆக இருக்கும், அல்லது யமஹா டிரைசிட்டி. இரண்டும் நல்ல வண்டிகள். 2006இல் எம்பி3 வந்ததிலிருந்து பாரிஸ் மாதிரி நகரங்களில் ஆபீஸ் போகிறவர்கள் பலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். முன் சக்கரம் இரண்டும் வண்டியோடு சேர்ந்து சாயும் என்பதால் பைக் ஓட்டிய கை அதில் அப்படியே பொருந்தும். மழையில் நனைந்த கல் பாவிய தெருவில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். முன் சக்கரங்களுக்கு இடையே அகலம் கூட்டிய மாடலை பிரான்சில் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்களே ஓட்டலாம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் அது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உங்களுக்கும் எனக்கும் உதவாது. சாயும் வண்டி என்பதால் நின்றால் விழவும் விழும். சிக்னலில் நிற்கும்போது சாயாமல் பூட்டிக்கொள்ள எம்பி3-யில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்த மறந்த அன்றைக்கு, இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஒற்றைக் காலில் தாங்க வேண்டும். அந்த நாள் எனக்கு வந்தது, புல்லட்டில்.

என்னுடையது 1996 மாடல். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதுகில் நரம்பு நசுங்கி இடது காலில் பலம் போன பிறகும் ஒரு வருடம் அதை விடாமல் ஓட்டினேன். பின் பிரேக்கை அழுத்தவேண்டிய கால் அதுதான் என்று டாக்டரிடம் சொல்லவே இல்லை. 2013இல் ஒரு சாயங்காலம், பாலம் இறங்கி அண்ணா சிலை சிக்னலில் நின்றேன். ரோடு ஓரத்தை நோக்கிச் சரிவாக இருக்கும் அல்லவா, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஊன்றிய கால் மடங்கியது. நூற்றெண்பது கிலோவும் என் மேல் விழுந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நாலு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். ஒருவர், ‘யாரு சார் இடிச்சது?’ என்று கேட்டார். யாரும் இடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு புல்லட்டை எடுக்கவில்லை.

எப்படித் தேற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டீர்கள். நான் தேறுவதற்காகக் காத்திருக்கவில்லை. மூன்று மாதம் ஆட்டோவில் போனேன், அப்புறம் காசு இல்லை, வண்டி வாங்கினேன். முதல் நாள் யாரும் பார்க்கக்கூடாது என்று அலுவலகத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். வாட்ச்மேன் வந்து, ‘முன்னாடியே விடுங்க சார், மழை பேஞ்சா இங்க தண்ணி நிக்கும்’ என்றார். மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்த பேச்சு அவ்வளவுதான். அதற்காக யாருமே எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு கல்யாண மண்டப வாசலில் உறவுக்கார அம்மா ஒருவர் என் காது படவே ‘பாவம்’ என்றார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் எங்காவது அந்தப் பார்வை வரும். வலிக்கும். ஆனால் ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்விடுவேன்.

அந்த நாட்களில் என்னைக் காயப்படுத்தியது ஒரு சொல்லும்தான். அப்போது மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த வகைக்கு ‘இன்வாலிட் கேரியேஜ்’ என்று பெயர். செல்லாதவன் வண்டி என்றுதான் என் மனதில் விழுந்தது. 2019 திருத்தத்தில் அதை நீக்கி ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்று மாற்றினார்கள். ஆளுக்கு ஏற்ப மாற்றிய வண்டி. இதுதான் சரியான சொல். செருப்பை அளவுக்குத் தைத்துக்கொள்வது மாதிரி.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பழைய லைசென்ஸ் கியர் வைத்த பைக்குக்கானது. டாக்டர் சான்றிதழோடு ஆர்டிஓ அலுவலகத்தில் இந்த வகையைச் சேர்க்க வேண்டும். சைடு வீல் மாட்டியதை ஆர்சி புத்தகத்திலும் ஏற்ற வேண்டும், இன்சூரன்சுக்கும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விபத்து என்று வரும்போது கைவிட்டுவிடுவார்கள். அதற்கும் முன்னால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

உங்கள் காலுக்கு இந்த வண்டி நல்லது என்றுதான் நினைக்கிறேன். கியர் இல்லை, பிரேக் இரண்டும் கையில். செயற்கைக் காலைப் பலகையில் சமமாக வைத்துக்கொள்ளலாம். ஊன்றுகோலுக்குப் பக்கவாட்டில் ஒரு கொக்கி வைத்துத் தருவார்கள்.

இந்த வண்டியில் எனக்குத் திரும்பக் கிடைக்காதது ஒன்று உண்டு. நீங்கள் கேட்காவிட்டாலும் புல்லட் ஓட்டியவருக்கு அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. திருவானைக்காவல் தாண்டிக் கல்லணைக்குப் போகும் சாலையில் ஆற்றங்கரை ஓரமாக வளைவுகள் வரும். விடியற்காலையில் அந்த வளைவுகளில் வண்டியும் நானும் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்த சுகம். அதற்கு ஈடாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு சாலை இருக்கும், அழகர்கோவில் பக்கமோ நாகமலைப் பக்கமோ. அதற்காக நீங்கள் அழுதால் அதில் தப்பே இல்லை. காலுக்காக அழுத மாதிரிதான்.

ஆனால் ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பாலத்தில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, சுற்றிலும் எல்லோரும் காலை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டிருக்க, நான் இரண்டு காலும் பலகைமேல் இருக்க உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புல்லட் ஓட்டிய காலத்தில் அந்தப் பாலத்தில் கிளட்சைத்தான் பார்த்தேன், ஆற்றைப் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. நம் ஊர் வீடுகளில் வாசல்படிக்கு நடுவில் பைக் ஏற ஒரு முழ அகலத்துக்குச் சரிவு போட்டிருப்பார்கள். இந்த வண்டி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், சரிவு முழு வாசலுக்கும் வேண்டும். நான் வண்டி வாங்கிய பிறகுதான் இதைக் கவனித்தேன். கொத்தனார் வந்து படியை உடைக்கும்வரை இரண்டு வாரம் அது தெருவில் மழையில் நின்றது. கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு கேட்டின் அகலத்தை அளந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.